சார்ஜர் கெடவில்லை, அதன் வேகமே அவ்வளவுதான்

கேள்வி: வணக்கம் சார். மாந்தோப்புகளுக்கு ட்ரோனில் மருந்து அடிக்கிறேன். பூ சீசன் முடிந்துவிட்டது. 6 செல், 16,000 எம்ஏஹெச் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) பேக் நாலு ஃபுல் சார்ஜில் கிடக்கிறது. ஹாபி சார்ஜரில் ஸ்டோரேஜ் மோடு (பேக்கை எடுத்து வைப்பதற்காகப் பாதி சார்ஜுக்குக் கொண்டுவருவது) போட்டு 2 ஆம்பியர் வைத்தாலும் திரையில் 0.2-க்கு மேல் ஏறவில்லை. ராத்திரி முழுக்க விட்டுத் தூங்கினேன், காலையில் பார்த்தால் 25.2 வோல்ட் 24.6-க்குத்தான் வந்திருக்கிறது. சார்ஜர் போச்சா?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. அட்டையில் 50 வாட், 80 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பது ஏற்றுகிற கணக்கு. இறக்குகிற கணக்கு வேறு, இந்தச் சின்ன சார்ஜர்களில் பெரும்பாலும் 5 வாட்தான். பேக்கிலிருந்து எடுக்கிற மின்சாரத்தை அது வெளியே எங்கும் அனுப்புவதில்லை, உள்ளுக்குள்ளேயே சூடாக்கித் தீர்க்கிறது. உள்ளங்கை அகலப் பெட்டியும் ஒரு சின்ன ஃபேனும் எவ்வளவு சூட்டைத் தாங்கும்? 25 வோல்ட் பேக்கில் 5 வாட் என்றால் 0.2 ஆம்பியர், நீங்கள் 2 வைத்தாலும் 20 வைத்தாலும் அதேதான். ஸ்டோரேஜுக்கு வர செல் ஒன்றுக்கு 4.2-லிருந்து 3.8, 3.85 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய பாதி சார்ஜ், 8 ஆம்பியர்-அவர். 0.2-ல் அதை எடுக்க 40 மணி நேரம் ஆகும். நாலு பேக்குக்கு ஒரு வாரம்!

அதோடு, ராத்திரி விட்டுத் தூங்கினேன் என்கிறீர்களே, அதை மட்டும் இனி செய்யாதீர்கள். லைப்போ தீப்பிடித்தால் ஒரு பக்கெட் தண்ணீரில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை.

சுலபமான வழி, டாங்கில் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காலியான நிலத்தில் பறக்க விடுவது. இறக்கி ஆறவிட்டுப் பார்க்கும்போது பேக் 22.8-லிருந்து 23.1-க்குள் இருந்தால் போதும்.

பறக்க முடியாதென்றால் லாரி பல்பு. கிருஷ்ணகிரியில் லாரி சாமானுக்கா பஞ்சம்? 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று, பேக்கின் பிளக்குக்குப் பொருந்தும் எதிர் பிளக், நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ், அவ்வளவுதான். 40 மணி நேர வேலை மூன்று மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் பல்புக்கு நிறுத்தத் தெரியாது, பேக் செத்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் பேலன்ஸ் வயரில் (ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாகப் போகிற மெல்லிய வயர்) செல் அலாரம் ஒன்று மாட்டி 3.8-ல் வையுங்கள் (வாங்கும்போது பெரும்பாலும் 3.3-ல் இருக்கும், மாற்ற மறக்காதீர்கள்), கத்தியதும் பல்பைக் கழற்றுங்கள். அலாரத்தையும் கையோடு கழற்றிவிடுங்கள், அதை மாட்டியே விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பேக்கைக் காலி செய்துவிடும். பல்பு கண்ணாடி கை வைக்க முடியாத சூடு, வைக்கோல், சாக்கு பக்கம் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு பேக். ட்ரோனில் போடுவது போல இரண்டைத் தொடராக இணைத்தால் பல்பு அந்த நொடியே போய்விடும். கடைசியில் ஹாபி சார்ஜரில் ஸ்டோரேஜ் மோடு போடுங்கள், மிச்சம் இருக்கிற கொஞ்சத்தைச் சரிசெய்து செல்களையும் சமன் செய்யும். அந்த வேலைக்கு அது அருமையான கருவி.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். ஃபுல் சார்ஜும் வெயிலும் சேர்ந்தால்தான் லைப்போ சீக்கிரம் கெடுகிறது. நான் ஒரு கத்திரி வெயிலில் ஃபுல் சார்ஜோடு தகர ஷெட்டில் விட்டுப் போன பேக், திரும்பி வந்தபோது தலையணை மாதிரி உப்பியிருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

கேள்வி: எங்கள் வீடு தகரக் கூரை. ஸ்டோரேஜுக்கு இறக்கிய பேக்கை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா அண்ணா?
- ஒரு கல்லூரி மாணவி, தர்மபுரி

பதில்: வேண்டாம்மா. வெளியே எடுத்ததும் பேக் மேல் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும், அந்த ஈரம் பிளக்குக்கு ஆகாது. 3.8 வோல்ட்டில் இருக்கிற பேக்குக்கு வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் தரை போதும். மூடி இறுக்கமில்லாத இரும்புப் பெட்டியில் போட்டு, அடுப்புக்கும் சிலிண்டருக்கும் தள்ளி வை. மாதம் ஒரு முறை ஒவ்வொரு செல்லையும் அளந்து பார், எதுவும் 3.7-க்குக் கீழே போயிருந்தால் மறுபடி ஸ்டோரேஜ் மோடு போடு, அதே மோடு ஏற்றவும் செய்யும்.