சுகர் ஏறுதுன்னு மனநல மாத்திரையை நிறுத்தலாமா?

பீடி சுற்றும் அம்மா மனநலத்துக்கு ஓலான்சபைன் மாத்திரை போடுகிறார், அதனால்தான் சுகர் ஏறுதோ, நிறுத்திடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஓலான்சபைனைத் திடீரென்று விட்டால் அம்மாவுக்குப் பழைய மனநலத் தொந்தரவு திரும்பிவிடலாம், தூக்கமும் போகலாம்.

ஆனால் உங்கள் சந்தேகம் சரிதான். அந்த மாத்திரை பசியைக் கூட்டும், எடையையும் சுகரையும் ஏற்றும். சுகர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது, மனநலச் சீட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில், ஆக ஒரு டாக்டர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாமலே மாசம் ஓடுது.

மனநல மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டும் முன்னாடி சுகர் மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்க. மாதக் கடைசியில் சுகர் மாத்திரை நிறைய மிஞ்சினால் அம்மா அதை ஒழுங்காகப் போடுவதில்லை என்று அர்த்தம். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மதியச் சோற்றையே தள்ளிப்போடுகிறவர்களிடம் இது சகஜம்.

மிஞ்சவில்லையா, சரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதச் சராசரி சுகர் பார்க்க வழி கேளுங்கள். அந்த ரிசல்ட்டோடு ரெண்டு சீட்டையும் மனநல டாக்டரிடம் காட்டி, சுகரை அவ்வளவாக ஏற்றாத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று நேராகவே கேளுங்க. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு வரும் நாள் உண்டா என்றும் விசாரியுங்கள், ஒரு நாள் கூலி மிஞ்சும்.

கடும் தாகம், வாந்தி, அசதி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சாகணும் என்று பேசினால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்க, எந்நேரமும் இலவசம்.