புர்ஜ் கலீபா உச்சித் தளம், லவுஞ்ச்: கேளுங்கள், சொல்கிறேன்

பதினொரு வருடம் துபாயில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு திரிந்தவன் நான். புர்ஜ் கலீபாவுக்கு எத்தனை தடவை ஏறினேன் என்ற கணக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. இப்போது ஊரோடுதான், கொட்டகலையில். வெளியே மழை விடுகிற மாதிரி இல்லை, அதனால் இன்று பின்னேரம் முழுக்க இருப்பேன். விசா, வேலை, சம்பளம் மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (ஹட்டன்): அண்ணே, பெப்ரவரியில் நானும் மனைவியும் போகிறோம். ஏஜென்ட் “பிரீமியம் லவுஞ்ச், ஆக மேல் தளம்” என்று ஒரு விலை சொல்கிறார். சாதாரண டிக்கெட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. கொடுக்கலாமா?

பதில்: காசை எடுக்கும் முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனையாவது தளம்? “மேல் தளம்” என்று சொல்லி விற்பதற்கு அந்தக் கட்டடத்தில் நிறைய இடம் இருக்கிறது. 122இல் இருப்பது உணவகம். 124, 125 எல்லோரும் போகிற சாதாரணப் பார்வைத் தளம். 124இன் உயரம் 452 மீட்டர். 148, 555 மீட்டர். 2014இல் திறந்தார்கள், லவுஞ்ச் டிக்கெட் என்று பலரும் சொல்வது இதைத்தான். அதற்கும் மேலே 152, 153, 154 மூன்றும் சேர்ந்த இன்னொரு லவுஞ்ச் 2019இல் வந்தது. அது 585 மீட்டர். ஆகவே 148ஐ “ஆக மேல்” என்று விற்றால் அது பொய். டிக்கெட்டில் எண்ணைப் பாருங்கள். இன்று இதை இன்னும் பத்துத் தடவை சொல்வேன்.

இனி, கொடுக்கலாமா என்பது. 148 டிக்கெட்காரருக்குத் தனி வரவேற்பு, அரபுக் கோப்பி, பேரீச்சம்பழம், கூடவே ஒரு வழிகாட்டி. நீண்ட வரிசை இல்லை. மேலே பார்த்து முடிந்ததும் 125, 124க்கும் விடுவார்கள். உயரத்தால் கிடைக்கும் லாபம் என்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. 452 மீட்டரிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 76 கிலோமீட்டர் தூரத்தில், 555இலிருந்து 84. துபாய்த் தூசியில் பல நாட்களில் அதில் பாதிகூடத் தெரியாது. அப்படியானால் அந்தக் கூடுதல் காசு எதற்கு? கூட்டம் இல்லாத இடத்துக்கும் உட்காரக் கதிரைக்கும். இரண்டு பேரும் இளசு, காலில் தெம்பு இருக்கிறது என்றால் 124 போதும். மிச்சக் காசில் பாலைவனம் போய் வாருங்கள்.

கேள்வி (வட்டவளை): மேலே குளிருமா? சுவெட்டர் எடுத்துப் போகவா?

பதில்: நம்ம ஆட்கள் சொர்க்கத்துக்குப் போனாலும் சுவெட்டரோடுதான் போவார்கள். 555 மீட்டருக்கு மூன்றரை பாகை குறையும், அவ்வளவுதான். ஆகஸ்டில் கீழே 42 என்றால் மேலே 38. குளிரா அது?

கேள்வி (பண்டாரவளை): எந்த நேரத்தில் ஏறுவது நல்லது?

பதில்: சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். பகல், அந்தி, விளக்கு வெளிச்சம் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். டிசம்பரில் அங்கே சூரியன் மறைவது ஐந்தரைக்கு, ஜூன் கடைசியில் ஏழு மணி தாண்டி. அந்த நேரத்து டிக்கெட்டுக்கு விலை கூட. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் காலை நேரம்.

டிக்கெட்டில் நேரம் அச்சடித்திருக்கும், அதைச் சும்மா போட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பது பேர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போனேன். மோலுக்குள் வழி தவறி நாற்பது நிமிடம் பிந்தினோம். திரும்ப எடுத்த ஒன்பது டிக்கெட்டையும் என் சம்பளத்தில் கழித்தார்கள். விமானம் இறங்குகிற நாளில் டிக்கெட் போடவே வேண்டாம்.

கேள்வி (பதுளை): லிப்டில் காது அடைக்குமாமே, உண்மையா?

பதில்: அடைக்கும். வினாடிக்கு 10 மீட்டர் ஏறும், 124க்கு ஒரு நிமிடம்தான். கொழும்பு பஸ் கினிகத்தேனை தாண்டி ஏறும்போது காது அடைக்குமே, அதே சங்கதி. பஸ் ஒரு மணித்தியாலத்தில் செய்வதை லிப்ட் ஒரு நிமிடத்தில் செய்கிறது. வாயில் ஒரு டொபி போட்டு எச்சிலை விழுங்குங்கள். காதில் ஒப்பரேஷன் செய்தவர்கள் என்னைக் கேட்காமல் டொக்டரைக் கேளுங்கள்.

கேள்வி (நுவரெலியா): ஐயா, குறை நினைக்காதீர்கள். நான் இருக்கிற ஊரே 1868 மீட்டர். அந்தக் கட்டடத்தின் ஊசி முனையே 828தான். நாங்கள் ஏன் காசு கொடுத்து ஆயிரம் மீட்டர் கீழே இறங்கிப்போய் “உயரம்” பார்க்க வேண்டும்?

பதில்: இவ்வளவு நேரமும் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் நீங்கள் சொன்னது கடல் மட்டத்திலிருந்து உள்ள கணக்கு. நுவரெலியா சந்தையில் நின்றால் உங்கள் காலுக்குக் கீழே இருப்பது லீக்ஸும் கரட்டும்தான். காலுக்குக் கீழே எவ்வளவு வெறுமை என்று கேளுங்கள், அதுதான் வயிற்றைக் கலக்கும். அந்தக் கணக்கிலும் நாம்தான் ஜெயிக்கிறோம். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்புக்குக் கீழே சுமார் 870 மீட்டர் பள்ளம். புர்ஜ் கலீபாவை அதன் அடியில் நிறுத்தினால் ஊசி முனைகூட வெளியே எட்டிப் பார்க்காது.

கேள்வி (அப்புத்தளை): உலக முடிவை விடுங்கள். லிப்டன் சீட்டில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். டிக்கெட்டுக்கும் இவ்வளவு காசு இல்லை, பிளேன்டீயும் கிடைக்கும்.

கேள்வி (வெலிமடை): உலக முடிவுக்கு மூன்று தரம் போனேன், மூன்று தரமும் வெள்ளைச் சீலை கட்டிய மாதிரி பனிமூட்டம். துபாயில் காசு கொடுத்தால் காட்சி நிச்சயம்தானே?

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்து. வெலிமடைக்காரர் போனது ஒன்பதரைக்குப் பிறகாக இருக்கும். ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். தெளிவான காலையில் தெற்குக் கடல்வரை தெரியும். துபாயிலும் ஒரு நிச்சயமும் இல்லை. குளிர்காலத்துக் காலைகளில் அங்கேயும் பனி இறங்கும், கோடையில் தூசி மறைக்கும். மேலே நின்றால் பனிக்கு மேலாகக் கட்டடங்களின் தலை மட்டும் நீட்டிக்கொண்டு தெரியும். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துக் கத்துவார்கள். நான் லயத்து வாசலில் பார்த்து வளர்ந்த காட்சி அது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உலக முடிவிலிருந்து பார்த்தால் கீழே காடு, தோட்டம், எல்லாம் ஒரே பச்சை. எது பெரிது எது சிறிது என்று கண் அளக்க முடியாது. 148இலிருந்து பார்த்தால் நேர் கீழே தெரு, தெருவில் கார், காருக்குப் பக்கத்தில் கடுகு மாதிரி மனிதன். தெரிந்த பொருள் சிறுத்துப் போனால்தான் உயரம் உறைக்கும்.

கேள்வி (அக்குறணை): அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் நோன்பைப் பிந்தித் திறக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். கதையா, உண்மையா?

பதில்: உண்மை. 2011இல் துபாய் மார்க்க அதிகாரிகள் அறிவித்தார்கள்: 80 முதல் 150 வரையான தளங்களில் இருப்பவர்கள் 2 நிமிடம், அதற்கு மேலே இருப்பவர்கள் 3 நிமிடம் பிந்தி நோன்பு திறக்க வேண்டும். உயரே போகப் போக அடிவானம் இறங்கும். கீழே நிற்பவருக்கு மறைந்த சூரியன் மேலே நிற்பவருக்கு இன்னும் தெரியும். ஆசை இருந்தால் 124இல் ஒரு தரம் மறைவதைப் பாருங்கள். கீழே நிற்பவர்களுக்கு அது சில நிமிடம் முந்தியே மறைந்திருக்கும்.

கேள்வி (நுவரெலியா): பிடித்தேன்! அப்படியானால் 1868 மீட்டரில் இருக்கும் எங்கள் ஊர் முஸ்லிம் சகோதரர்கள் ஐந்தாறு நிமிடம் பிந்த வேண்டுமே?

பதில்: வேண்டியதில்லை. அடிவானம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் இந்தக் கணக்கு. நுவரெலியா ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. சுற்றிவர மலை, தலைமாட்டில் பீதுருதாலகால. உங்களுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் முந்தியே போய்விடும். மார்க்கச் சட்டத்தைப் பள்ளிவாசலில் கேளுங்கள், நான் மௌலவி இல்லை.

ஆனால் சிவனொளிபாதமலை வேறு. 2243 மீட்டர், சுற்றிவர மறைப்பு இல்லை. அந்த உயரத்தில் அடிவானம் ஒன்றரைப் பாகை தாழ்ந்து தெரியும், சூரியன் ஒரு பாகை நகர நான்கு நிமிடம். கடல் மட்டத்தில் நிற்பவனைவிட ஆறு நிமிடம் முந்தி உங்களுக்கு விடியும். இன்னொன்று: சூரியன் எழும்பியதும் எல்லோரும் கிழக்கேயே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமீது விழுந்து கிடக்கும். அதைப் பார்க்காமல் இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

கேள்வி (தலவாக்கலை): சேர், இது மூன்றாவது தரம் போடுகிறேன். பிள்ளைகளைத் துபாய்க்குக் கூட்டிப்போக வசதி இல்லை. கொழும்பு தாமரைக் கோபுரம் எப்படி?

பதில்: மன்னியுங்கள், மலைச் சண்டையில் கவனிக்கவில்லை. தாராளமாகப் போங்கள். 350 மீட்டர், 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு பக்கம் பேர வாவி, மறுபக்கம் துறைமுகம், அப்பால் கடல். தோட்டத்துப் பிள்ளைகள் கப்பல் வரிசையைப் பார்த்துவிட்டு நகரமாட்டார்கள். அங்கேயும் பின்னேரம்தான் நல்லது. மழைக்காலத்தில் வானத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி (கம்பளை): அம்புலுவாவ?

பதில்: கோபுரம் 48 மீட்டர்தான், ஆனால் மேலே போகப் போகப் படி ஒடுங்கும், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 148இல் பயப்படாத நான் அங்கே பயந்தேன்.

கேள்வி (மாத்தளை): காற்றில் கட்டடம் ஆடாதா?

பதில்: எல்லா உயர்ந்த கட்டடமும் கொஞ்சம் அசையும். புர்ஜ் கலீபாவின் அடித்தளம் மூன்று இதழ் விரித்த பூ மாதிரி, ஒன்றை ஒன்று தாங்கும். மேலே போகப் போகப் படிப்படியாக உருவம் மாறும். அதனால் காற்றுச் சுழிகள் ஒரே தாளத்தில் சேர முடியாது. தாய்பே 101இல் வேறு வழி: 660 தொன் இரும்புக் குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். நான் மேலே நின்று அசைவை உணர்ந்ததில்லை.

கேள்வி (நாவலப்பிட்டி): எந்த நேரம் ஏறினால் நல்லது?

பதில்: பண்டாரவளைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (கண்டி): கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்குத் திங்கட்கிழமை போகிறோம், அங்கே லவுஞ்ச் உண்டா?

பதில்: திங்கட்கிழமை பூட்டு. வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

கேள்வி (ராகலை): இரவில் போட்டோ எடுத்தால் கண்ணாடியில் என் முகம்தான் விழுகிறது.

பதில்: கமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், பக்கத்தை ஜெக்கட்டால் மூடுங்கள். முக்காலி வேண்டாம்.

கேள்வி (புசல்லாவை): ஏஜென்ட் உச்சித் தளம் என்கிறார். சூரியன் மறையும் நேரமாம். நல்லதா?

பதில்: எண்ணைப் பாருங்கள். எண்ணைப் பாருங்கள். எண்ணைப் பாருங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): அண்ணே, அம்மா துபாயில் வீட்டு வேலைக்குப் போய் ஒன்பது வருடம். அந்தக் கட்டடத்துக்குக் கிட்டப் போனதே இல்லையாம். எனக்கு இப்போது அங்கே ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் சம்பளத்தில் அம்மாவை மேலே கூட்டிப்போக ஆசை. நீங்கள் 124 போதும் என்கிறீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி.

பதில்: தங்கச்சி, ஹட்டன்காரருக்குச் சொன்னதை மறந்துவிடு. 148 எடு.

மெட்ரோவில் சிவப்புப் பாதை, புர்ஜ் கலீபா - துபாய் மோல் நிலையத்தில் இறங்கு. அங்கிருந்து மோலுக்குக் கூரை போட்ட பாலம், ஏசி உண்டு, ஆனால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. நகரும் பாதையில் அம்மாவை நிறுத்திவிடு, நடக்க வேண்டாம். மோலுக்குள்ளும் நடை இருக்கிறது, அவசரப்படாமல் முக்கால் மணி நேரம் ஒதுக்கு. சோற்றுப் பார்சலைக் கீழேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், மேலே வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள். ஒன்பது வருடம் அம்மா அடுத்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்திருப்பா. அங்கே அம்மா கதிரையில் உட்கார, வேறொருவர் ஊற்றிக் கொடுப்பார். இறங்கி வந்தால் வாசலிலேயே நீரூற்று, இரவில் பாட்டோடு ஆடும், காசு இல்லை.

கேள்வி (நுவரெலியா): இதற்கு மட்டும் எனக்கு எதிர்ப்பு இல்லை.

கேள்வி (மஸ்கெலியா): நன்றி அண்ணே. டிசம்பரில் போவோம். எந்த நேரத்து டிக்கெட் எடுக்க?

பதில்: நாலரை மணி. ஐந்தரைக்குச் சூரியன் மறையும், ஆறு மணிக்கு ஊர் முழுக்க விளக்கு. மூன்றரைக்கே மெட்ரோவில் இருந்து இறங்கிவிடுங்கள். அம்மாவுக்கு ஒரு சுவெட்டரும் எடுத்துப் போ, உள்ளே ஏசி பலமாகப் போட்டிருப்பார்கள்.