பனி பாக்காத ஊர்ல ஸ்கீ ரேஸ் எதுக்கு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் சேலம் – ஏற்காடு ரூட்ல பஸ் ஓட்டுறேன், 19 வருஷமாச்சு. பேர் போட வேண்டாம். உங்க எழுத்தை பிளஸ் ஒன் படிக்கிற என் பொண்ணுதான் எனக்கு படிச்சுக் காட்டுவா. நீங்க எப்பவோ ஒரு கட்டுரையில பொம்பளைங்க பனிச்சறுக்கு ரேஸ் பத்தி ரெண்டு வரி எழுதினீங்களாம், அன்னைக்கு புடிச்சது இன்னும் விடல. போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சரை மணி இருக்கும், உள்ள இருந்து 'ஜெயிச்சுட்டா'ன்னு ஒரே கத்து. ஏதோ ரிசல்ட் வந்துருச்சுன்னு என் வீட்டுக்காரி அடுப்பை அணைச்சுட்டு ஓடியாந்தா. பாத்தா ஆஸ்திரியாவாம், யாரோ ஒரு புள்ள பனியில வழுக்கிக்கிட்டு வருது. எங்களுக்கு பனின்னா மார்கழியில பஸ் கண்ணாடியில படியறதுதான். நம்ம ஆளு ஒருத்தரும் அதுல கிடையாது. நம்ம மாவட்டத்துலயே நடராஜன் இருக்காரு, மாரியப்பன் இருக்காரு, அவங்களை விட்டுட்டு இது எதுக்கு சார், சும்மா ஃபாரின் மோகம்தானே? கேட்டா 'உனக்கு புரியாதுப்பா'ங்கிறா. அதுதான் கடுப்பு. நீங்களே ஒரு பதில் சொல்லுங்க.

அண்ணா, வணக்கம்.

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன், 'அதுதான் கடுப்பு'ங்கிற இடத்துல மூணு தடவையும் சிரிச்சேன், மன்னிச்சுக்கோங்க. பாப்பா கத்தினது 2025 அக்டோபர் 25. ஊரு சோல்டன், ஆஸ்திரியாவுல டிரோல் பக்கம். ஜெயிச்சது யூலியா ஷைப், அந்த நாட்டுப் பொண்ணுதான், முந்தின வருஷம் இதே மலையில மூணாவதா வந்தவங்க, உலகக்கோப்பைன்னா ஒரே போட்டி இல்ல, சீசன் பூரா ஊரு ஊரா நடக்கற ரேஸ் தொடர், அதுல அவங்க ஜெயிக்கிறது அதுதான் மொதல் தடவை. அதனால கத்தினதுல நியாயம் இருக்கு. நானும் கத்தினேன், எங்க வீட்ல யாரும் அடுப்பை அணைக்கல, பழகிப்போச்சு.

ஆனா 'உனக்கு புரியாதுப்பா'ன்னு சொன்னது சுத்த தப்பு, அதை பாப்பாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க. இந்த சேலம் ஜில்லாவுலயே இந்த ரேஸ் சட்டுன்னு புரியக்கூடிய ஆளு நீங்கதான். எப்படின்னா, மேல இருந்து ஆளை ஏத்திக்கிட்டு இறங்கறீங்க, இருபது கொண்டை ஊசி, பெண்டுக்குள்ள வந்து சேந்ததுக்கு அப்புறமா ஸ்டியரிங் ஒடிப்பீங்க? மாட்டீங்க. முன்னாடியே வண்டியை ஒதுக்கி, வேகத்தை அடக்கி, மூக்கு எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்ணிடுவீங்க, பெண்டுல போய் யோசிக்கிறவன் புதுசா கார் வாங்கிட்டு சண்டே மலை ஏறி வர்றவன். சோல்டன்ல நடக்கற ரேஸுக்கு ஜயன்ட் ஸ்லாலம்னு பேரு, அதுவும் அதேதான். சரிவுல கம்பம் நட்டு நாப்பது அம்பது கேட் வெச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணையும் சுத்தி வளைஞ்சு இறங்கணும், செவப்பு ஒண்ணு நீலம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி. கம்பத்துக்கிட்ட வந்து திரும்ப ஆரம்பிச்சா போச்சு. கம்பத்தை தோள் உரசுறப்ப திரும்பற வேலை முக்காவாசி முடிஞ்சிருக்கணும். ஒரு கேட்ல லேட்டானா அடுத்ததுல இன்னும் கீழ போய் மாட்டுவாங்க, அதுக்கடுத்ததுல இன்னும் கீழ, அஞ்சாறு கேட் தாண்டிதான் பழைய லைனுக்கு வர முடியும். இன்னொரு கஷ்டம், உங்களுக்கு பிரேக் தனியா இருக்கு, அவங்களுக்கு ஸ்கீயை பக்கவாட்டுல தேய்க்கிறதுதான் பிரேக், தேய்ச்ச ஒவ்வொரு இடத்துலயும் நேரம் போகும்.

அந்த சோல்டன் மலையோட குணமே இதுதான். மேல கொஞ்ச தூரம் சாதுவா இருக்கும், அப்புறம் சுவர் மாதிரி ஒரு செங்குத்து, அது முடிஞ்சதும் கடைசியில தட்டையா ஒரு நீளம். அந்த செங்குத்துல பயந்து தேய்ச்சவங்க தட்டையில செத்தாங்க, வேகமே இருக்காது, நம்ம அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி நேர் ரோடு வர்றப்ப நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வர்ற வண்டி கணக்கா ஆயிடும். பனின்னதும் பஞ்சு மாதிரின்னு நினைச்சுக்காதீங்க, அதுவும் நான் பல வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்ததுதான். ரேஸுக்கு முன்னாடி தண்ணியை பனிக்குள்ள இறக்கி உறைய விட்டு கல்லு மாதிரி ஆக்கிடுவாங்க, அப்பதான் மொதல்ல போறவங்களுக்கும் முப்பதாவது ஆளுக்கும் தடம் ஓரளவு ஒண்ணா இருக்கும். மழை நின்ன மறுநாள் காலையில பாசி புடிச்ச பதினஞ்சாவது பெண்டு உங்களுக்குத் தெரியும்ல, அதுல டயர் இல்லாம இறங்கணும்.

சரி, நாங்க யாருன்னு சொல்லிடறேன். நாங்க நாலு பேர். நான், ஏற்காட்டுல சின்னதா காப்பி தோட்டம் வெச்சிருக்கிற என் சிநேகிதன், அவங்க அண்ணி, செவ்வாப்பேட்டையில கொலுசு பட்டறை நடத்துற இன்னொருத்தர். வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில அந்த சனிக்கிழமை தோட்டத்து வீட்ல கூடிடுவோம். ஒரே நாள்ல ரெண்டு தடவை இறங்கணும், நம்ம நேரத்துக்கு மத்தியானம் ஒண்ணரைக்கு மொதல் ரன், சாயந்திரம் நாலரைக்கு ரெண்டாவது. நடுவுல சோறு, அப்புறம் கீழ இருந்து கொலுசுக்காரர் கட்டிக்கிட்டு வர்ற தட்டுவடை செட்டு, மேல வந்து சேர்றப்ப அது பாதி நமுத்துப் போயிருக்கும், ஆனா அதை வேணாம்னு சொன்னா அவர் கோவிச்சுக்குவார்.

2024ல நடந்ததை சொல்றேன். தீபாவளிக்கு முந்தின சனி அது, கடைவீதியில கால் வெக்க முடியாத கூட்டம், கொலுசுக்காரர் பட்டறையை அப்படியே விட்டுட்டு வந்திருந்தார், அவர் வீட்ல எவ்ளோ திட்டு வாங்கியிருப்பார்னு நாங்க கேக்கல. மொதல் ரன்ல மிக்கேலா ஷிஃப்ரின் முன்னால. அமெரிக்காக்காரங்க, உலகக்கோப்பையில ஆம்பளை பொம்பளை யாரை எடுத்தாலும் அதிகமா ஜெயிச்சவங்க அவங்கதான், அந்த சீசன்லயே பின்னாடி 100வது வெற்றியைத் தொட்டாங்க. ரெண்டாவது ரன்ல ஒரு வேடிக்கை இருக்கு, மொதல் ரன்ல மேல வந்த முப்பது பேர்தான் இறங்குவாங்க, அதுவும் தலைகீழா, முப்பதாவது ஆளு மொதல்ல, மொதல் ஆளு கடைசியில. ரெண்டு ரன் நேரத்தையும் கூட்டித்தான் கணக்கு. அப்ப முன்னால இருக்கிறவங்க மேல குளிர்ல நின்னுக்கிட்டு மத்தவங்க எல்லாம் இறங்கறதை கேட்டுக்கிட்டே இருக்கணும், கடைசியா நோண்டிப் போட்ட தடத்துல இறங்கணும். நாலரைக்கு மேல மழை புடிச்சுது, கரண்ட் போச்சு, வைஃபை போச்சு, வீடியோ வட்டமா சுத்துது. ஏற்காட்டுல மழைன்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. கடைசியில என் போன்ல மட்டும் ஒரு கோடு சிக்னல், அதுல லைவ் டைமிங். வெறும் நம்பர். பச்சையில மைனஸ் வந்தா முன்னால, செவப்புல பிளஸ் வந்தா பின்னால. மெழுகுவத்தி வெச்சுக்கிட்டு நாலு பேரும் அந்த நம்பரை சாமி குறி கேக்கற மாதிரி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அண்ணியோட ஆளு ஃபெடரிக்கா பிரின்யோனே, இத்தாலி. மேல ஏறி மொத இடத்துல நின்னாச்சு. இன்னும் ஷிஃப்ரின் ஒருத்தங்கதான் பாக்கி. பேர் வந்துச்சு, மொதல் நம்பர் வந்துச்சு, அப்புறம் சிக்னலும் போயிருச்சு. ரெண்டு நிமிஷம் இருக்கும், யாரும் பேசல, ஓட்டு மேல மழை மட்டும். சிக்னல் திரும்பி வந்தப்ப ஷிஃப்ரின் பேருக்கு பக்கத்துல 5. அண்ணி எந்திரிச்சு உள்ள போய் காப்பி போட்டாங்க, வேற ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு காப்பியில சக்கரை ரொம்ப தூக்கல்.

அண்ணிக்கு ஏன் பிரின்யோனேவைப் புடிக்கும்னா, 2015ல மொதல் மொதலா ஜெயிச்சது இதே சோல்டன்ல, ஒம்பது வருஷம் கழிச்சு 34 வயசுல மறுபடி அதே இடத்துல, உலகக்கோப்பை ரேஸ் ஜெயிச்ச பொம்பளைங்கள்ல அன்னைக்கு அவங்கதான் அதிக வயசு. அவங்க அம்மா நின்னா குவாரியோவும் ஒரு காலத்துல இதே விளையாட்டுல ஜெயிச்சவங்க. 'அம்மாவும் பொண்ணும் ஒரே வேலை'ம்பாங்க அண்ணி, அதுக்கு மேல விளக்கம் கிடையாது. அந்த சீசன் எல்லா ரேஸ் பாயின்ட்டையும் கூட்டிக் குடுக்கற ஒட்டுமொத்தக் கோப்பையே பிரின்யோனேவுக்குத்தான், முடிஞ்ச கையோட 2025 ஏப்ரல்ல விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு. அந்த அக்டோபர்ல அவங்க இல்லாத ரேஸை அண்ணி வந்து உக்காந்து முழுசா பாத்தாங்க. எனக்கு அது பெரிய விஷயமா பட்டுது.

கொலுசுக்காரர் கதை வேற. அவருக்கு நம்பர்தான். 2023ல சோல்டன்ல சுவிட்சர்லாந்தோட லாரா குட் பெராமி, பிரின்யோனேவை ஜெயிச்சது 0.02 செகண்ட்ல. நாள் பூரா வெள்ளியை மில்லிகிராம்ல நிறுக்கிறவருக்கு இது தேன் மாதிரி. உக்காந்து கணக்குப் போட்டார், செகண்டுக்கு இருபது மீட்டர் போறாங்கன்னு வெச்சா 0.02ங்கிறது நாப்பது சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு முழம். மலை உச்சியில இருந்து ரெண்டு தடவை இறங்கி வந்து ஒரு முழம் பூவுல தோக்கறது! 2002ல அதே எடத்துல மூணு பேர் நூத்துல ஒரு பங்கு செகண்ட் கூட பிசகாம ஒண்ணா வந்தாங்க, டீனா மாஸே, நிக்கோல் ஹோஸ்ப், ஆண்ட்ரினே ஃபிளெம்மென், மூணு பேருக்கும் மொதல் இடம். 2014ல ஷிஃப்ரினும் அன்னா ஃபென்னிங்கரும் அதே மாதிரி. மிஷின் ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் அளக்குது, ஆனா கணக்குல நூத்துல ஒரு பங்கோட வெட்டி விட்டுடறாங்க. அவர் கேட்டார், 'தராசு இருக்குறப்ப ஏன் நிறுக்க மாட்டேங்கிறான்?' எனக்கு வெட்டி விடறதுதான் புடிச்சிருக்கு. அவருக்கு இன்னும் மனசு ஆறல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், நம்ம ஆளு யாரு இருக்காங்கன்னு. நம்ம நாட்டுல இருந்து போகாம இல்ல, 1988 கால்கரி ஒலிம்பிக்ஸ்லயே ஷைலஜா குமார் ஸ்லாலம்ல, அதாவது கேட் இன்னும் நெருக்கமா இருக்கற ரேஸ்ல, இறங்கினாங்க, மணாலிப் பொண்ணு ஆஞ்சல் தாக்கூர் 2018ல துருக்கியில ஒரு போட்டியில வெண்கலம் வாங்கினாங்க. ஆனா அதைச் சொல்லி உங்களை சமாதானப்படுத்த எனக்கு இஷ்டமில்ல, ஏன்னா சோல்டன்ல நம்ம ஆளு இல்லைங்கிறது உண்மைதான், எனக்கு அதுதான் சுகமாவும் இருக்கு. நடராஜன் பந்து போடறப்ப நான் மேட்ச் பாக்கறேன்னா சொல்றீங்க, வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சின்னப்பம்பட்டியில இருந்து போன பையன் ஒரு ஃபுல் டாஸ் போட்டா நம்ம வீட்டுப் பையன் பரிச்சையில கோட்டை விட்ட மாதிரி இருக்கு. 2016 ரியோவுல மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டினப்ப நான் அழுதேன், தாண்டின விதத்தை ஒழுங்கா பாத்தேனான்னா இல்ல, அப்புறம் யூடியூப்ல போட்டுத்தான் பாத்தேன். ஆல்ப்ஸ்ல அந்தத் தொல்லை கிடையாது. யார் வேணா ஜெயிக்கலாம், யாரை வேணா நமக்குன்னு எடுத்துக்கலாம். 2019ல நியூசிலாந்துல இருந்து ஆலிஸ் ராபின்சன்னு ஒரு பொண்ணு, பதினேழு வயசு, உங்க பாப்பா வயசு இருக்குமா, ஷிஃப்ரினை 0.06ல ஜெயிச்சுது. என் சிநேகிதன் அன்னையில இருந்து அந்தப் பொண்ணு கட்சி. காரணம் கேட்டா 'சும்மா'ங்கிறான். ஃபாரின் மோகம்னா சென்ட்டு, ஷூ, அங்க போய் செட்டிலாகறதுன்னு ஏதாவது ஆதாயம் இருக்கணும்ணா, இதுல ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது.

மொதல் ரேஸுக்கு மட்டும் இவ்ளோ ஆர்ப்பாட்டம் ஏன்னு நீங்க கேக்கல, ஆனா பாப்பா கண்டிப்பா சொல்லுவா. சீசன் மார்ச் வரைக்கும் ஓடும், ஜனவரி வந்துட்டா யார் ஃபார்ம்ல இருக்கா, யார் முட்டி வலியோட வர்றான்னு எல்லாம் தெரிஞ்சு போயிடும். அக்டோபர்ல ஒண்ணுமே தெரியாது. கோடை பூரா யார் உழைச்சா, யார் புது ஸ்கீ மாத்தி மாட்டிக்கிட்டா, அடிபட்டு வந்தவங்களுக்கு பயம் போச்சா, எல்லாம் அந்த ஒரு நிமிஷம் சொச்சத்துல வெளிய வந்துடும், சில சமயம் பொய்யாவும் வரும். ஜூன்ல ஸ்கூல் தொறந்த மொத நாள் யார் உசந்திருக்கா யார் மீசை வெச்சிருக்கான்னு பாப்போமே, கிட்டத்தட்ட அந்தக் குறுகுறுப்பு.

ஒரு வருத்தம் உண்டு. அக்டோபர்ல கீழ பனி இருக்காதுங்கிறதால 3000 மீட்டருக்கு மேல, நம்ம ஏற்காட்டை மாதிரி ரெண்டு மடங்கு உசரத்துல ஸ்டார்ட் வெச்சு, ரெட்டன்பாக்னு ஒரு பனியாத்து மேல வெச்சு நடத்தறாங்க. அந்த பனியாறு வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே போகுது. வெயில் காலத்துல பனியைக் குவிச்சு போர்வை போட்டு மூடி காப்பாத்தி வெக்கிறாங்க. 2022ல அந்த உசரத்துலயே மழை பேஞ்சு பொம்பளைங்க ரேஸையே ரத்து பண்ணிட்டாங்க, மறுநாள் ஆம்பளைங்க ரேஸ் மட்டும் நடந்துச்சு. அன்னைக்கு ஏற்காட்டுலயும் நல்ல மழை, நாலு பேரும் நமுத்த தட்டுவடையை தின்னுட்டு சும்மா இறங்கி வந்தோம். சீசனை தள்ளி ஆரம்பிங்கன்னு அங்கயே பல பேர் சொல்றாங்க, அது சரின்னுதான் எனக்கும் படுது, நம்ம சனிக்கிழமை போயிடுமேன்னு இன்னொரு மனசு அடிச்சுக்குது.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேலை. எனக்கும் தோட்டத்துக்காரனுக்கும் ஒரு பந்தயம் ஓடிக்கிட்டு இருக்கு. மழையில இறங்கறப்ப பெண்டுக்கு எவ்ளோ முன்னாடி வண்டியை வெளிப்பக்கம் ஒதுக்குவீங்க, எந்த எடத்துல உள்ள இழுப்பீங்கன்னு. எதிர்ல வண்டி வரலைன்னு வெச்சுக்கோங்க. நான் பெண்டோட நடுவுக்கு முன்னாடியே திருப்பம் முடிஞ்சிடும்னு சொல்றேன், அவன் நடுவுக்கு அப்புறம்ங்கிறான். பாப்பாவை பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு எழுதுங்க, அவளுக்கும் இது தேவைப்படும். ஜெயிச்சா தட்டுவடை செட்டு என் செலவு, சூடா, கீழயே.