மாமா அனுப்பிய ஒலிப்பதிவு பொய்

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு வணக்கம். வெளிநாட்டுச் செயற்கைக்கோள் மூலம் வாக்குகளை மாற்றிவிடுகிறார்கள் என்று மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கேட்டு, அம்மா இனி ஓட்டுப் போடவே வரமாட்டேன் என்கிறார் என எழுதியிருந்தீர்கள். மனது கஷ்டமாகிவிட்டது. அது பச்சைப் பொய். வாக்குப்பதிவு இயந்திரத்தில் இணையமும் கிடையாது, புளூடூத்தும் கிடையாது.

அம்மாவிடம் படிவம் 17சி பற்றிச் சொல்லுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் எத்தனை வாக்குகள் பதிவாயின என்று அதில் எழுதி, சாவடியிலேயே கட்சி முகவர்களிடம் நகல் கொடுப்பார்கள். எண்ணும் நாளில் அதோடு ஒத்துப்பார்க்கலாம். அது மொத்தத்தை மட்டுமே காட்டும். யாருக்கு விழுந்தது என்பதற்கு, இயந்திரத்தோடு இணைத்த விவிபாட் என்ற கருவி அச்சிடும் சீட்டு இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி சின்னத்தைக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழும். 2019 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கிறார்கள். இன்னும் கூட்டலாம் என்பது என் கருத்து.

வெளிநாட்டுக் கைவரிசையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இஸ்ரேலிய நிறுவனம் ஒன்று இந்தியத் தேர்தலைப் பற்றிப் போலிக் கருத்துகளைப் பரப்ப முயன்றதை 2024 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்டது. அந்த வேலை நடந்தது சமூக ஊடகத்தில்.

மாமாவைக் குழுவில் எல்லோர் முன்னாலும் மடக்காதீர்கள். தனியாகப் போன் செய்யுங்கள். அவருக்குத் தெரிந்த சாவடி முகவர் யாராவது இருந்தால், அந்த 17சி நகலை ஒருமுறை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.