கணிதக் கேள்வி பதில்: மாணவர் பேசும் கருத்தரங்கு

கேள்வி: எங்கள் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் கணிதக் கருத்தரங்கு என்றொரு பாடம் உண்டு. ஆசிரியர் விரிவுரை நிகழ்த்துவதில்லை. மாணவர்களே முறைவைத்து ஐம்பது நிமிடம் பேச வேண்டும். எனக்குக் கலைக்கூடத் தேற்றம் கிடைத்திருக்கிறது. நிரூபணம் நன்றாகப் புரிந்துவிட்டது, எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

பதில்: நிரப்ப வேண்டிய நிலை வராது, நேரம் போதாமல் போகும் என்பதே என் கவலை. மற்ற வாசகர்களுக்காகத் தேற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரான சுவர்களைக் கொண்ட, நடுவில் துளையில்லாத பலகோண வடிவக் கூடம் ஒன்றை, நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் பார்க்கும் காவலர்களைக் கொண்டு முழுமையாகக் கண்காணிக்க வேண்டும். உச்சிகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்துப் பின்னத்தை விட்டால் கிடைக்கும் எண் எதுவோ, அத்தனை காவலர்கள் எப்போதும் போதும். விக்டர் கிளீ 1973இல் எழுப்பிய இக்கேள்விக்கு க்வாதால் 1975இல் விடை கண்டார். நீங்கள் படித்திருக்கும் சுருக்கமான நிரூபணம் ஸ்டீவ் ஃபிஸ்க் 1978இல் தந்தது.

தேற்றத்தை எழுதிவிட்டு உடனே நிரூபணத்துக்குள் நுழையாதீர்கள். பன்னிரண்டு உச்சிகளும் நான்கு கூரிய பற்களும் கொண்ட சீப்பு வடிவக் கூடம் ஒன்றைப் பலகையில் வரைந்து, எத்தனை காவலர்கள் வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் நில்லுங்கள். ஒரு பல்லின் நுனியைப் பார்க்கக்கூடிய இடத்திலிருந்து இன்னொரு பல்லின் நுனி தெரியாது என்பதை அவையினரே கண்டுபிடிப்பார்கள். ஆகவே நான்கு பேருக்குக் குறைவாக முடியாது என்பதும், மூன்றால் வகுப்பது வெறும் கணக்குத் தந்திரமன்று என்பதும் நிரூபணத்துக்கு முன்னரே அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். இதற்குப் பத்து நிமிடம் செலவானாலும் தகும்.

அடுத்து ஃபிஸ்கின் வழி. கூடத்தை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று உச்சிகளும் வெவ்வேறு நிறம் பெறும்படி மொத்த உச்சிகளுக்கும் மூன்று நிறங்களால் வண்ணமிடுகிறோம். மிகக் குறைவாகப் பயன்பட்ட நிறத்தின் உச்சிகளில் காவலர்களை நிறுத்துகிறோம். எல்லா முக்கோணத்திலும் அந்நிறம் உண்டு. முக்கோணத்தின் உச்சியில் நிற்பவருக்கு அம்முக்கோணம் முழுவதும் தெரியும். கேட்பதற்கு இது வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் இதற்குள் இரண்டு இடங்கள் ஒளிந்திருக்கின்றன, உங்கள் ஐம்பது நிமிடத்தின் பெரும்பகுதி அவற்றுக்கே உரியது.

முதல் இடம், மூலைவிட்டம் ஒன்றாவது கூடத்துக்குள் முழுமையாக அடங்கும் என்பதற்கு என்ன உறுதி என்பது. உட்கோணம் 180 பாகைக்குக் குறைவான ஓர் உச்சியை எடுத்து, அதன் இரு அண்டை உச்சிகளையும் இணைத்துப் பார்க்கிறோம். அக்கோடு உள்ளேயே இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால், அம்மூன்று உச்சிகளால் ஆன முக்கோணத்துக்குள் வந்து விழும் உச்சிகளுள் ஒன்றை முதல் உச்சியோடு இணைக்க வேண்டும். எதை? பலரும் யோசிக்காமல், முதல் உச்சிக்கு மிக அருகில் இருப்பதை என்கிறார்கள். அது தவறு: அகன்று தட்டையான முக்கோணத்தில், மிக அருகிலுள்ள உச்சிக்கும் முதல் உச்சிக்கும் இடையே தொலைவில் தொடங்கித் தொலைவில் முடியும் ஒரு சுவர் குறுக்கிட முடியும். அண்டை உச்சிகளை இணைக்கும் கோட்டிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதையே எடுக்க வேண்டும். இரண்டு படங்களையும் அருகருகே வரைந்து காட்டினால், அவையில் யாரும் இதை மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது இடம், தொகுத்தறிதலால், அதாவது சிறிய கூடங்களுக்கு முடியும் என்று கொண்டு பெரிய கூடத்துக்கும் முடியும் என்று காட்டும் முறையால், வண்ணமிடுவது. ஒரு மூலைவிட்டத்தால் கூடத்தை இரண்டாக வெட்டி, இரு துண்டுகளுக்கும் தனித்தனியே வண்ணமிட்ட பிறகு, வெட்டிய இடத்தின் இரு முனைகளிலும் நிறங்கள் பொருந்தாமல் போகலாம். அப்போது ஒரு துண்டின் நிறப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். இதை வாயால் சொல்லிக் கடக்காமல், வண்ணச் சாக்பீஸால் ஒருமுறை தப்பாகப் பொருத்திக் காட்டி, பிறகு மாற்றிக் காட்டுங்கள்.

நேரம் மிஞ்சாது என்று இப்போது ஒப்புக்கொள்வீர்கள். இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தால், இதை இன்று நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எளிதில் காணலாம் என்ற தொடரை மட்டும் கருத்தரங்கில் பயன்படுத்தாதீர்கள். அதைச் சொல்பவர் அந்த இடத்தைத் தாமே சரிபார்க்காதவர் என்று கேட்பவர்கள் சந்தேகிப்பார்கள், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

கேள்வி: தலைப்பை என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிகச் சுருக்கமான நிரூபணம் உள்ள தேற்றத்தை எடுத்தால் பாதுகாப்பாக இருக்குமல்லவா?

பதில்: நேர்மாறாகவும் நடக்கலாம். நான்கால் வகுக்க மீதி ஒன்று வரும் ஒவ்வொரு பகா எண்ணும் இரண்டு வர்க்கங்களின் கூடுதல் ஆகும். 13 என்பது 4உம் 9உம், 29 என்பது 4உம் 25உம். இதற்கு டான் ஸகியே 1990இல் ஒரே வாக்கியத்தில் நிரூபணம் தந்தார். அழகானதுதான். ஆனால் அதன் மையத்திலுள்ள சார்பு வானத்திலிருந்து விழுந்ததுபோல் வந்து நிற்கும்; வரிவரியாகச் சரிபார்க்கலாமே தவிர, அது யாருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று கேட்டால் முதல்முறை பேசுபவர் திகைத்துப்போவார்.

சிறிய எண்களுக்குக் கையால் செய்து பார்க்கக்கூடியதைத் தேடுங்கள். பெயரிட்ட புள்ளிகளை, சுற்று எதுவும் உண்டாகாமல் ஒன்றோடொன்று இணைக்கும் மரங்கள் எத்தனை என்ற கெய்லியின் சூத்திரம் நல்ல தலைப்பு: நான்கு புள்ளிகளுக்கு 16, ஐந்து புள்ளிகளுக்கு 125. புரூஃபர் 1918இல் காட்டிய குறியீட்டு முறையில், ஒவ்வொரு மரமும் ஓர் எண் தொடராக மாறுகிறது. அத்தொடரிலிருந்து மரத்தை மீட்கவும் முடிகிறது. அவையில் ஒருவரை மரம் வரையச் சொல்லி, அதைத் தொடராக்கி, அத்தொடரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொருவரை மரத்தை மீண்டும் கட்டச் சொல்லலாம்.

கேள்வி: கரும்பலகையா, ஸ்லைடா?

பதில்: நிரூபணத்துக்குக் கரும்பலகை. எழுதும் வேகமே கேட்பவர் சிந்திக்கும் வேகத்துக்கு இணையாக இருக்கிறது. சிக்கலான படங்களுக்கு மட்டும் திரையைப் பயன்படுத்தலாம். வரையறைகளைப் பலகையின் ஓரத்தில் எழுதிக் கடைசிவரை அழிக்காமல் வையுங்கள்.

கேள்வி: பேசும்போது ஒருவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியவில்லை என்றால் மதிப்பெண் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, இதைத்தான் கேட்கிறீர்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பல கேள்விகள் அங்கேயே தெளிந்துவிடும். பிறகும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிப் பலகையில் குறித்து வைத்துவிட்டு மேலே செல்லுங்கள். மழுப்பலுக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள் உண்டு. தெரியாது என்பதற்குக் குறைப்பவர் யாரேனும் இருந்தால் அவர் இந்தப் பாடத்தை நடத்தத் தக்கவரல்லர்.

கேள்வி: நான் இத்தகைய கருத்தரங்கை நடத்தும் ஆசிரியர். பேசும் மாணவர் மட்டுமே கற்கிறார், மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். பேசுபவர் தவறினால் நான் இடைமறிக்கலாமா?

பதில்: இரண்டும் ஒரே சிக்கலின் இரு முகங்கள். தவறு நேர்ந்த கணமே ஆசிரியர் வாய் திறந்தால், கவனித்துக் கேட்கும் பொறுப்பு அவருடையது என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த ஆர். எல். மூர், நூல்களைப் பார்க்கக் கூடாது என்று தடை விதித்து, மாணவர்கள் தாமே கண்ட நிரூபணங்களைப் பலகையில் நிறுவச் சொன்னார். பிழை காண்பது உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் வேலை. கறுப்பின மாணவர்களைத் தம் வகுப்பில் ஏற்க மறுத்த அவரை மனிதராகப் போற்ற எனக்கு மனமில்லை, நூல்களுக்கான தடையும் இளநிலை மாணவர்களுக்கு மிகையென்றே கருதுகிறேன். ஆனால் ஆசிரியரின் மௌனத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்துவரும் அனைத்தையும் கெடுக்கும் பிழையாக இருந்து, சில நிமிடங்களுக்குப் பிறகும் யாரும் கவனிக்கவில்லை என்றால், இந்த வரி எங்கிருந்து வந்தது என்று அவையினரைப் பார்த்துக் கேளுங்கள். பேசுபவரைப் பார்த்துக் கேட்க வேண்டாம்.

காத்திருப்பவர்களுக்கு வேலை கொடுப்பதற்கும் முன்மாதிரி உண்டு. ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் 1872 முதல் 1912 வரை தம் கருத்தரங்கில் நிகழ்ந்த உரைகளைப் பதிவேடுகளில் எழுதி வைக்கச் செய்தார். 29 தொகுதிகள் கையெழுத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பேசியவர்களே தங்கள் உரையைச் சுருக்கி எழுதினார்கள். நான் அதைச் சற்று மாற்றச் சொல்வேன்: ஒவ்வொரு வாரமும் கேட்பவர்களுள் ஒருவர் அன்றைய உரையை இரண்டு பக்கத்தில் எழுதட்டும், யார் எழுதுவது என்பதை உரை முடிந்த பின் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். எழுதியதைப் பேசியவர் படித்து, விடுபட்டதையும் பிறழ்ந்ததையும் ஓரத்தில் குறிக்கட்டும். மதிப்பெண்ணில் கால்பங்கையாவது இதற்கு ஒதுக்கி, பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.