ஸ்பெயின் தேவாலய இரும்புக் கிராதிகளில் கோதிக் (இடைக்காலப் பிற்பகுதியின் பாணி) எது, மறுமலர்ச்சிக் காலத்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் செங்குத்துக் கம்பியைப் பாருங்கள். கோதிக் கம்பி பெரும்பாலும் சதுரம். சூட்டில் முறுக்கியிருப்பார்கள், அல்லது நடுவே பிளந்து கண்போல் விரித்திருப்பார்கள். மறுமலர்ச்சிக் காலக் கம்பி வயிறு பருத்து, இடை சிறுத்து, குட்டித் தூணாக நிற்கும். கடைசல் வேலை மாதிரித் தெரிந்தாலும் சம்மட்டியால் அடித்தே எடுத்த உருவம் அது. கொல்லரின் உண்மையான திறமை இங்கேதான்.

உச்சியிலுள்ள உருவங்களை வார்ப்பு என்று நினைக்க வேண்டாம். தகட்டைப் பின்புறமிருந்து தட்டிப் புடைத்து, இரண்டு தகடுகளை முதுகோடு முதுகாகச் சேர்த்து ரிவெட் அடித்தவை பல. மேலே வண்ணமும் பொன் பூச்சும். கிரானடா அரச சிற்றாலயத்தில் பார்த்தலோமே என்ற கொல்லர் சுமார் 1520இல் செய்த கிராதியில் இரண்டு பாணியும் கலந்திருக்கும். பூர்கோஸ் பேராலயத்தில் கொல்லர் கிறிஸ்தோபால் தெ அந்தினோவின் 1523ஆம் ஆண்டுக் கிராதி தெளிவாகவே மறுமலர்ச்சி.

கல்லில் பதித்த அடிப்பகுதியையும் கவனியுங்கள்: ஈரம் ஏறினால் துரு பருத்துக் கல்லையே பிளந்துவிடும்.