வீடியோ கோல் வந்தா எழும்பிப் போற அண்ணா

அன்புள்ள அக்கா,

எனக்கு 29 வயசு, கொக்குவில். அமெரிக்காவில இருக்கிற ஒருத்தரோட கலியாணம் பேசி நாலாம் மாசம் எழுத்து. அவருக்கு அங்க அரசாங்கத்துக்குச் செய்யிற ஒரு கொம்பியூட்டர் வேலை, அதுக்கு செக்கியூரிட்டி கிளியரன்ஸ் (ஆளைப்பற்றி விசாரிச்சு அரசாங்கம் குடுக்கிற அனுமதி) எடுக்கோணுமாம், அதுக்கொரு போம். அண்டையிலயிருந்து என்ர நிம்மதி போச்சு. என்ர பிறந்த திகதி, விலாசம், வேலை செய்யிற இடம், முதல் முதல் எப்ப கதைச்சது, எத்தினை நாளைக்கொருக்கா கதைக்கிறது, எல்லாம் எழுதோணுமாம். நாங்கள் கதைக்கிறது ஆரோ ஒரு ஒபிசருக்கு என்னத்துக்கு? கேட்டா கட்டாயம் போடோணும் எண்டுறார். மூண்டு தரம் கேட்டிட்டார், என்னை நம்பாதமாதிரிக் கிடக்கு. போன கிழமை அப்பா அம்மான்ர விவரமும் கேட்டவர், கலியாணம் முடிய அதுவும் வேணுமாம், அதுகள் பாவம் கோயிலும் வீடுமா இருக்கிற சனம் (அண்ணான்ர விசயம் அவருக்குத் தெரியாது, 2006இல ஏ-9 றோட்டைப் பூட்டேக்க வன்னியில மாட்டுப்பட்டு, புலி இயக்கத்தில இருந்து, பிறகு ரெண்டு வருசம் அரசாங்கத்தின்ர புனர்வாழ்வு முகாமில இருந்தவர், இப்ப கராஜ் வச்சிருக்கிறார், கலியாணம் பேசேக்க அம்மா வெளியூரில வேலை செய்தவர் எண்டு சொல்லிப்போட்டா, அவரும் வீடியோ கோல் வந்தா தானா எழும்பிப் போயிடுவார், அதால ஒரு பிரச்சினையும் இல்ல). வேலை முக்கியமோ நான் முக்கியமோ எண்டு ஒருக்கா கேட்டிடட்டோ?

சா., கொக்குவில்

அன்புத் தங்கச்சி,

அதைக் கேக்காதேங்கோ. எஸ்எஃப் 86 எண்டுற அந்தப் போமில நெருங்கின வெளிநாட்டுப் பிரஜையளைக் கட்டாயம் எழுதோணும், தெரிஞ்சுகொண்டு பொய் எழுதினா 5 வருசம் வரைக்கும் சிறை. உங்களை எழுதுறார் எண்டா நீங்கள் அவருக்கு நெருக்கம் எண்டு கையெழுத்து வச்சுச் சொல்லுறார்.

எனக்கு மனசு நிண்டது அண்ணாவில. அவர் தானா எழும்பிப் போறேல்ல தங்கச்சி. தன்னைத் தங்கச்சி மறைக்கிறாள் எண்டு விளங்கித்தான் போறார். நீங்கள் அதைப் பிரச்சினையில்ல எண்டு எழுதியிருக்கிறியள், அதில நான் உங்கட பக்கம் நிக்கமாட்டன். மாப்பிள்ளை நம்பேல்ல எண்டு கோவிக்கிற நீங்கள்தான் அவரை நம்பேல்ல.

உங்கட பயம் சும்மா வந்த பயமில்ல, புலிகளை 1997இலயே தடைசெய்த நாடு அது. ஆனா கிளியரன்ஸுக்குப் பாக்கிற 13 விதிகளில வெளிநாட்டு உறவு ஒண்டு, ஒளிவுமறைவு இன்னொண்டு. வெளிநாட்டில சொந்தம் இருக்கெண்ட ஒண்டுக்காகவே மறுக்கிறேல்ல, அந்தச் சொந்தத்தை வச்சு ஆரும் அவரை மிரட்டேலுமோ எண்டுதான் பாக்கிறவை. மறைச்ச விசயம்தான் மிரட்டிறதுக்கு வசதி. இப்ப ஒண்டும் தெரியாம கையெழுத்து வைக்கிற அந்த மனுசன், கலியாணத்துக்குப் பிறகு தெரிஞ்சா வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில நிண்டு என்ன செய்வார்?

முதல்ல அண்ணாவோட கதையுங்கோ, அது அவற்ற வாழ்க்கை, அவற்ற சம்மதம் வேணும். ஓமெண்டா எழுத்துக்கு முன்னம் மாப்பிள்ளைக்கு உங்கட வாயால சொல்லுங்கோ, மெசேஜில வேண்டாம். அம்மா சொன்ன பொய்யையும் சேத்துச் சொல்லுங்கோ. கிளியரன்ஸ் பிந்தலாம், கிடைக்காமலும் போகலாம், அவர் யோசிக்க நேரம் கேக்கலாம், ஒண்டுக்கும் நான் உத்தரவாதம் தரமாட்டன். அதுக்குப் பிறகு வாற கோலில அண்ணா எழும்பினா கையைப் பிடிச்சு இருத்துங்கோ.